தண்டுவடம் காயப்பட்ட எலியின் நடையை மதிப்பிடுதல்: காலசைவு வேறு, நடை வேறு

மார்புப் பகுதியில் தண்டுவடம் முழுவதுமாக வெட்டப்பட்ட எலிக்கும் சில வாரங்களில் பின்னங்கால்கள் அசையத் தொடங்கிவிடும். வாலைக் கிள்ளினாலோ ஆசனவாயைச் சுற்றித் தொட்டாலோ கால்கள் மடங்கி நீளும். சில நேரம் எதுவும் செய்யாமலேகூட. மூளையிலிருந்து ஓர் இழைகூடக் காயத்தைத் தாண்டி வரவில்லை. இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்புச் சுற்றுகள் இருக்கின்றன. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் தூண்டலே அவற்றை ஓட்டப் போதும். ஒரு மருந்தோ மாற்று உயிரணுவோ பலன் தந்ததா என்று சொல்ல வேண்டியவர், இந்த அசைவையும் எலி தானாக எழுந்து நடக்கும் நடையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் தாளில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டும் குழம்பும் இடத்தில்தான் பிறக்கின்றன.

எலிகளுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது பிபிபி அளவுகோல். பாசோ, பீட்டி, பிரெஸ்னஹன் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்டது. 0 முதல் 21 வரை, மொத்தம் 22 படிகள். அதற்கு முன் 1950களில் டார்லோவ் நாய்களுக்காக வகுத்த சில படிகள் மட்டுமே கொண்ட அளவுகோலும், 1977இல் ரிவ்லினும் டேட்டரும் கொண்டுவந்த சாய்தளச் சோதனையும் இருந்தன. சுண்டெலிகளுக்கு 2006இல் பிஎம்எஸ் (பாசோ சுண்டெலி அளவுகோல்) என்ற தனி அளவுகோல் வந்தது. அது 0 முதல் 9 வரை. எலியின் அளவுகோலைச் சுண்டெலிக்குப் போடுவதும், மார்புக் காயத்துக்கு எழுதிய அளவுகோலைக் கழுத்துக் காயத்துக்குப் போடுவதும் இன்றும் நடக்கிறது. பிபிபி எழுதப்பட்டது நடுமார்புத் தண்டுவடம் அடிபட்டு நசுங்கிய எலிகளுக்காக. முன்னங்கால்கள் முழுவதும் நலமாக இருக்கின்றன, இடுப்புப் பகுதி நரம்புச் சுற்றுகளும் இயக்க நரம்பணுக்களும் அழியவில்லை என்ற இரண்டு அனுமானங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. காயத்தை இடுப்புப் பகுதிக்கு இறக்கிவிட்டால் அந்த மதிப்பெண் வேறொன்றை அளக்கிறது.

காயத்துக்கு முன்பே தொடங்கும் வேலை

பிபிபிக்குத் தேவையான களம் எளிமையானது. 90 செ.மீ. விட்டமும் 7 செ.மீ. உயரச் சுவரும் கொண்ட வட்டமான பிளாஸ்டிக் தொட்டிதான் மூல ஆய்வில் பயன்பட்டது. தரை வழுக்கக்கூடாது, பிடிப்பு மிகுந்த ரப்பரும் வேண்டாம், ஏனென்றால் விரல் இழுபடுவதைக் காதால் கேட்க வேண்டியிருக்கும். சுவர் உயரமாக இருந்தால் மேலிருந்து குனிந்துதான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கிறவருக்கு எலியின் வயிறு தரையில் படிந்திருக்கிறதா, பின்பாகம் எழுந்திருக்கிறதா என்பது தெரியாது. மதிப்பிடுபவரின் கண், எலியின் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தொட்டியைத் தரையில் வைத்தால் தரையில் உட்காருங்கள். மேசையில் வைத்தால் தாழ்ந்த முக்காலி போதும்.

எலியைப் பழக்குவதைக் கூடுதல் வேலையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அறுவைக்கு முந்தைய வாரத்தில் தினமும் சில நிமிடம் கையில் எடுத்து, களத்தில் விட்டு, இரண்டு மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இயல்புதான் என்று அதற்குப் படும்வரை பழக்க வேண்டும். பயந்த எலி சுவரோரம் ஒட்டி உறைந்துவிடும்; உறைந்த எலிக்கு மதிப்பெண் போட முடியாது. மிதமிஞ்சிப் பழகிய எலிக்கு வேறு சிக்கல்: ஆர்வம் போய் மூலையில் தூங்கிவிடும். காயத்துக்கு முன்பே ஒவ்வொரு எலிக்கும் அடிப்படை மதிப்பெண் எடுங்கள். 21 வராத எலி இருந்தால் அதன் காரணத்தை அறுவைக்கு முன்பே கண்டறிய வேண்டும். நீண்ட நகம், பழைய கால் காயம், மிகை எடை எல்லாமே பின்னால் மருந்தின் விளைவுபோலத் தோற்றம் தரும்.

காயத்தின் வலிமையையும் அதே தாளில் குறித்துவிடுவது நல்லது. நியூயார்க் பல்கலைக்கழகக் கருவியில் 10 கிராம் தண்டு 6.25, 12.5, 25, 50 மி.மீ. உயரங்களிலிருந்து விழும். விசையை அளக்கும் வகைக் கருவிகளில் விசை வளைகோடு திரையில் வரும். அந்த வளைகோட்டில் ஏறுமுகத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தால், முனை எலும்பு விளிம்பில் பட்டிருக்கலாம். அந்த எலி மற்றவற்றைவிட நன்றாக நடக்கும், அதற்கு மருந்து காரணமாக இருக்காது. இப்படிப்பட்ட எலியை ஆய்விலிருந்து நீக்கும் விதியை அறுவைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நடந்த பிறகு நீக்குவது, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், முடிவைப் பார்த்து நீக்கியதாகவே படும்.

சிறுநீர்ப்பையை மறந்தால் மதிப்பெண் பொய்க்கும்

காயப்பட்ட எலியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை அடிவயிற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். எலிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அனிச்சையாகக் கழிக்கும் திறன் திரும்பும். சுண்டெலிகளுக்கு ஆய்வு முடியும்வரை கையால் வெளியேற்றவே நேரிடும். பெண் எலிகளைப் பலர் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம், சிறுநீர்க்குழாய் குட்டையாக இருப்பதால் இந்தப் பராமரிப்பு எளிது என்பதே.

விலங்கின் நலனுக்கான இந்த வேலை அளவீட்டையும் நேரடியாகப் பாதிக்கிறது. நிரம்பிய சிறுநீர்ப்பை பின்னங்கால்களில் வெட்டிழுப்பை உண்டாக்கும். பார்ப்பவர் அதை மூட்டு அசைவு என்று எண்ணி 3, 4 போட்டுவிடுவார். ஆகவே சோதனைக்கு முன் வெளியேற்ற வேண்டும். ஆனால் வெளியேற்றிய உடனே களத்தில் விடவும் கூடாது, ஏனென்றால் அடிவயிற்றை அழுத்துவதே கால்களைத் தூண்டிவிடும். கால் மணி நேரமாவது கூண்டில் அமைதியாக இருக்க விட்டு, பிறகு எடுங்கள். எடுக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்கவோ பின்பாகத்தைத் தாங்கி அழுத்தவோ வேண்டாம்; மார்பைச் சுற்றிப் பிடித்து, பின்பாகத்தை உள்ளங்கையில் தளர்வாக ஏந்திச் செல்லுங்கள். சிறுநீரில் இரத்தமோ கலங்கலோ இருந்தால் தொற்று வந்துவிட்டது என்று பொருள். அந்த எலி காய்ச்சலாலும் வலியாலும் நடக்காமல் இருக்கும், அதைத் தண்டுவடத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

தன் காலையே கடித்துக்கொள்ளும் எலிகளும் உண்டு. உணர்வு மாறிப்போன விரல்களில் தொடங்கும். தினமும் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரல் நுனி போன எலிக்கு விரல் தூக்கலை மதிப்பிடுவதில் பொருளில்லை. கடி முன்னேறினால் விலங்கை வேதனையில் வைத்திருக்கக் கூடாது என்பதே முதல் விதி, தரவு அடுத்தபடிதான். நெறிக்குழுவிடம் அனுமதி கேட்கும்போதே, எந்த நிலையில் ஆய்வை நிறுத்தி எலியை வேதனையின்றி முடிப்பது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

நான்கு நிமிடம், நான்கு கண்கள்

ஒரு எலிக்கு நான்கு நிமிடம். இருவர் களத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். ஒரே பக்கம் உட்கார்ந்த இருவர், இரட்டைத் தலை கொண்ட ஒருவரே. எந்த எலி எந்தக் குழு என்பது இருவருக்கும் தெரியக்கூடாது. அறுவை செய்தவரும் மருந்து செலுத்தியவரும் மதிப்பிடும் இடத்துக்கு வராமல் இருப்பது நல்லது. கூண்டு அட்டையின் நிறம், முதுகில் மழித்த முடியின் அளவு, தோலடியில் வைத்த மருந்துப் பம்ப்பின் புடைப்பு எல்லாம் குழுவைக் காட்டிக்கொடுக்கும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் வெற்றுப் பம்ப் வைக்கவேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

எலி 15, 20 விநாடி அசையாமல் நின்றால் மெல்ல எடுத்துக் களத்தின் நடுவில் விடலாம், சுவரை லேசாகத் தட்டலாம். உடலைத் தள்ளுவதும் வாலைத் தொடுவதும் கூடவே கூடாது, அப்படி வந்த அசைவுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. நாளின் அதே நேரம், அதே அறை, அதே இருவர். எலி இரவில் சுறுசுறுப்பான விலங்கு. காலையில் ஒரு வாரமும் மாலையில் மறு வாரமும் சோதித்தால் நேரத்தின் வேறுபாடு சிகிச்சையின் வேறுபாடுபோல உள்ளே வந்துவிடும்.

முதல் நிமிடத்தில் ஒட்டுமொத்தமாகப் பாருங்கள்: எடை தாங்குகிறதா, அடி வைக்கிறதா. இந்த ஒரு கேள்வி அளவுகோலை இரண்டாக வெட்டுகிறது. எடை தாங்கவில்லை என்றால் மீதி நேரம் முழுவதும் மூட்டுகளைப் பார்க்கலாம். தாங்கி நடக்கிறது என்றால் மூட்டு அசைவில் நேரத்தைச் செலவிடாமல் ஒருங்கிணைப்பு, பாதத்தின் திசை, விரல், வால் என்று போகலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்பவர் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை.

0 முதல் 7 வரை மூட்டுகளின் கதை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றும் தன் முழு வீச்சில் பாதிக்குக் குறைவாக அசைகிறதா (சிற்றசைவு), பாதிக்கு மேலா (பேரசைவு) என்று முடிவு செய்ய வேண்டும். 1 என்றால் ஒன்றிரண்டு மூட்டுகளில் சிற்றசைவு; 4 என்றால் மூன்றிலும் சிற்றசைவு; 7 என்றால் மூன்றிலும் பேரசைவு. இங்கே வரும் பொறி, முன்னங்கால்கள் உடலை இழுக்கும்போது பின்னங்கால் தரையோடு உரசித் தானாக நீள்வது. எலி நின்றபிறகு அந்தக் கால் மீண்டும் மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்குவது அதன் சொந்த வேலை, நீண்டது தரையின் வேலை. இன்னொன்று வெட்டிழுப்பு: திடீரென, மிக வேகமாக, இரு காலும் ஒருசேர விறைத்து நடுங்கும். முயற்சியோடு வரும் அசைவு உடலின் நகர்வோடு சேர்ந்து வரும், இது அப்படி வராது. இடுப்பு அசைவை முழங்கால் அசைவு என்று எழுதுவதும் பரவலான பிழை, ஏனென்றால் எலியின் முழங்கால் தளர்ந்த தோலுக்குள் மறைந்திருக்கும்.

8இல் எலி காலை விளக்குமாறுபோல வீசும், அல்லது பாதத்தைச் சரியாகத் தரையில் வைக்கும்; ஆனால் எடை தாங்காது. 9இல் நின்ற இடத்தில் எடை தாங்கும், அல்லது பாதத்தின் மேற்புறத்தை ஊன்றி எடை தாங்கி அடி வைக்கும். இந்த 8க்கும் 9க்கும் இடையில்தான் இருவரும் அதிகம் முரண்படுவார்கள். எடை தாங்கல் என்றால் கால் நீட்டுத் தசைகள் இறுகி, பின்பாகம் தரையைவிட்டு எழ வேண்டும். பின்னங்கால்களை அகட்டி அதன்மேல் குந்தியிருக்கும் எலி எடை தாங்கவில்லை, அது வெறுமனே அமர்ந்திருக்கிறது. தசை விறைப்பால் கால் கம்புபோல நீண்டு உடலை முட்டுக்கொடுப்பதும் எடை தாங்கல் ஆகாது. பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் மீண்டும் பாருங்கள். சராசரி போட்டு 8.5 என்று எழுதுவது பதிலாகாது.

ஒருங்கிணைப்பு என்ற இடுக்கு

10 என்றால் எப்போதாவது எடை தாங்கிய பாத அடி. 11 என்றால் அடிக்கடி அல்லது எப்போதும். அடி என்பதற்கு இறுக்கமான வரையறை உண்டு: பாதம் தரையில் படிந்து எடை தாங்க வேண்டும், பிறகு கால் முன்னால் நகர வேண்டும், மீண்டும் பாதம் படிந்து எடை தாங்க வேண்டும். முதல் பாதி இருந்து பிற்பாதி இல்லாத அடியைப் பலர் எண்ணிவிடுகிறார்கள். கால் எழுந்து முன்னால் போய் எடை தாங்காமல் சரிந்தால் அது அடியல்ல.

‘எப்போதாவது’ என்பது பாதி வரை, ‘அடிக்கடி’ என்பது 51 முதல் 94 விழுக்காடு, ‘எப்போதும்’ என்பது 95 அல்லது அதற்கு மேல். இவை அளவுகோலின் சொற்கள், அன்றாடப் பேச்சின் சொற்களாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இவற்றை மதிப்பெண் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டு வையுங்கள்.

12இலிருந்து முன்கால் பின்கால் ஒருங்கிணைப்பு வருகிறது. ஒவ்வொரு முன்கால் அடிக்கும் ஒரு பின்கால் அடி, பின்னங்கால்கள் இரண்டும் மாறி மாறி. இதை எங்கும் எப்போதும் பார்க்க முடியாது. எலி நேர்கோட்டில், சீரான வேகத்தில், தன் உடல் நீளத்தைப்போல மூன்று நான்கு மடங்கு தூரமாவது போக வேண்டும். திரும்பும்போதும், நின்று புறப்படும்போதும், சுவரை முகர்ந்துகொண்டே ஊரும்போதும் நலமான எலியே ஒருங்கிணைப்பைத் தவறவிடும். ஆகவே தகுதியான ஓட்டங்களை மட்டும் எண்ணி, அவற்றில் எத்தனை ஒருங்கிணைந்தவை என்று கோடு போட்டுக் குறியுங்கள்.

இந்த எண்ணிக்கையில்தான் பலர் பார்க்கத் தவறும் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு எலி நான்கு நிமிடத்தில் ஆறு தகுதியான ஓட்டங்கள் தந்தது என்று வையுங்கள். மூன்று ஒருங்கிணைந்தால் 50 விழுக்காடு, மதிப்பெண் 12. நான்கு என்றால் 67 விழுக்காடு, மதிப்பெண் 13. ஐந்து வந்தாலும் 83 விழுக்காடுதான், 13ஐத் தாண்டாது. ‘எப்போதும்’ என்ற நிலைக்கு ஆறுமே வேண்டும். 20க்குக் குறைவான ஓட்டங்களில் ஒன்றே ஒன்று தவறினாலும் 95 விழுக்காடு கைநழுவிவிடும். அதாவது ஒரே ஓட்டத்தில் ஒரே பின்கால் பிசகினால் எலி 14லிருந்து 13க்கு இறங்குகிறது. அதன்பின் பாதத் திசை, விரல் தூக்கல், வால் எதுவும் கணக்கில் வராது. சோம்பலான எலிக்கும் துறுதுறுப்பான எலிக்கும் இந்த இடத்தில் சமநீதி இல்லை. ஓட்டங்களின் எண்ணிக்கையை மதிப்பெண்ணோடு சேர்த்துப் பதியுங்கள். மூன்று ஓட்டங்களை வைத்து எழுதிய 13ஐயும் பன்னிரண்டு ஓட்டங்களை வைத்து எழுதிய 13ஐயும் ஒரே எடையில் நம்ப வேண்டியதில்லை. இந்த இடுக்கைச் சமாளிக்கத்தான் விரல், பாதம், வால், உடல் நிலைப்பு ஆகியவற்றை ஒருங்கிணைப்பிலிருந்து பிரித்துத் தனியாகக் கூட்டும் துணை மதிப்பெண் முறை பயன்படுகிறது. நடுத்தரக் காயங்களில் குழுக்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு பல முறை அங்கேதான் தெரியும்.

14க்கு மேல் நுணுக்கம். பாதம் தரையைத் தொடும் கணத்திலும் எழும் கணத்திலும் உடலுக்கு இணையாக இருக்கிறதா, வெளிப்பக்கமோ உட்பக்கமோ திரும்புகிறதா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். விரல் தூக்கலைக் கண்ணைவிடக் காது நன்றாகப் பிடிக்கும்: நகம் தரையில் உரசும் ‘சர்ர்’ ஒலி. சோதனை அறையில் காற்றோட்ட இரைச்சல் இருக்கும்போது இதை மதிப்பிடுவது கடினம். 19இல் வால் தாழ்ந்திருக்கும். 20இல் வால் உயர்ந்திருந்தும் உடல் ஆடும். 21 முழு நலம்.

இடது வலது மதிப்பெண்களின் சராசரியை எடுப்பது வழக்கம். இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சரி. இடது 4, வலது 10 என்று வந்து சராசரி 7 என்று எழுதினால், அந்த எலியின் எந்தக் காலும் 7 சொல்லும் வேலையைச் செய்யவில்லை. தண்டுவடத்தின் ஒரு பக்கப் பாதியை மட்டும் வெட்டிய காயங்களில் பக்கங்களைத் தனியாகவே வெளியிடுங்கள். நடுவில் அடித்த காயத்தில் பக்கங்கள் இப்படி விலகினால் அடி நடுவில் விழவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எந்த நாளில், எத்தனை முறை

காயத்துக்கு மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், பிறகு வாரம் ஒருமுறை ஆறு வாரம்வரை என்பது நன்றாக வேலை செய்யும் அட்டவணை. மறுநாள் மதிப்பெண் மருந்தின் பலனைச் சொல்லாது. காயம் சரியாக விழுந்ததா என்பதைச் சொல்லும். கடுமையான காயம் கொடுத்த எலி மறுநாளே எடை தாங்கினால் அறுவைக் குறிப்பைத் திறந்து பாருங்கள். வலிநிவாரணியாகக் கொடுத்த ஓபியாய்டு (மார்பின் வகை மருந்து) எலியை மந்தமாக்கும் என்பதால், ஊசி போட்ட நேரத்தையும் சோதனை நேரத்தையும் எல்லாக் குழுவுக்கும் ஒரே இடைவெளியில் வைக்க வேண்டும். வலிநிவாரணியைக் குறைப்பது இதற்குத் தீர்வு அல்ல. முதல் இரண்டு மூன்று வாரங்களில் வேகமாக ஏறி, பிறகு பெரும்பாலும் சமநிலைக்கு வந்துவிடும். சிகிச்சையைப் பல வாரம் கழித்துத் தொடங்கும் ஆய்வுகளில் இந்தச் சமநிலை வந்துவிட்டதை முதலில் காட்ட வேண்டும். இல்லையென்றால் தானாக வந்த மீட்சியை மருந்து தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

சோதனையே ஒரு பயிற்சி என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஏணியும் ஓடுபொறியும் கொடுத்து மற்றதைக் கூண்டில் விட்டால் ஒப்பிட முடியாது. கூண்டிலும் அப்படியே. உயரத்தில் தொங்கும் உணவுக்கு எழுந்து நிற்கும் எலி தினமும் பின்னங்காலைப் பழக்குகிறது. தொடக்கத்தில் உணவைத் தரையில் வைத்திருந்தால், மேலே மாற்றும் நாளை எல்லாக் கூண்டுக்கும் ஒன்றாக வையுங்கள்.

சுண்டெலிக்கு

பிஎம்எஸ் கணுக்காலை மையமாக வைத்தது. 0 கணுக்கால் அசைவில்லை, 1 சிற்றசைவு, 2 பேரசைவு, 3 பாதம் படிகிறது அல்லது மேற்புறம் ஊன்றிய அடி, 4 எப்போதாவது பாத அடி. 5இலிருந்து ஒருங்கிணைப்பும் பாதத் திசையும், கடைசியில் உடல் நிலைப்பும் வாலும். ஒருங்கிணைப்பைச் சொல்ல, உடல் நீளத்தின் மூன்று மடங்கு தூரமுள்ள தகுதியான ஓட்டங்கள் குறைந்தது மூன்று வேண்டும். இல்லையென்றால் ஒருங்கிணைப்பு இல்லை என்றே எழுத வேண்டும். சுண்டெலி மிக வேகமாக ஓடும்; பழகாத கண்ணுக்கு எல்லா ஓட்டமும் ஒருங்கிணைந்ததாகவே படும். பயிற்சி பெறாத இருவர் ஒத்துப்போவது நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது, இருவரும் ஒரே பிழையைச் செய்யலாம். பழைய காணொளிகளை மெதுவாக ஓட்டி முடிவுகளை முன்பே தீர்மானித்து, புதியவர் நேரடி வேகத்தில் அவற்றோடு ஒத்துப்போகும்வரை பயிற்சி கொடுங்கள்.

திறந்த களம் சொல்லாதது

மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையான புறணி தண்டுவடப் பாதையின் பெரும்பகுதி எலியில் தண்டுவடத்தின் முதுகுப்புறத் தூண்களின் அடியில் ஓடுகிறது. முதுகுப்புறத்தை மட்டும் வெட்டிய எலி சில வாரங்களில் திறந்த களத்தில் கிட்டத்தட்ட இயல்பாக நடக்கும், ஏனென்றால் நடையைத் தொடங்கிவைக்கும் இழைகள் வயிற்றுப்புற, பக்கவாட்டு வெண்பொருளில் (நரம்பிழைகள் கட்டாக ஓடும் பகுதியில்) வருகின்றன. காயத்தின் மையத்தில் வெண்பொருள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே அடிப்படை நடை திரும்பிவிடும். ஆகவே பிபிபி உயர்ந்தது என்பதை வைத்துப் புறணிப் பாதை வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் ஏணி.

மெட்ஸும் விஷாவும் 2002இல் விவரித்த கிடைமட்ட ஏணி 1 மீட்டர் நீளம், 3 மி.மீ. தடிமனுள்ள கம்பிகள், தரையிலிருந்து 30 செ.மீ. உயரம். கம்பிகளின் இடைவெளியை 1 முதல் 5 செ.மீ. வரை மாற்றலாம். பக்கச் சுவர்களின் அகலம் எலியைவிட ஒரு செ.மீ. மட்டும் கூடுதலாக இருந்தால் திரும்பி ஓடாது. கடைசியில் அதன் கூண்டை வையுங்கள், அதுவே போதிய ஈர்ப்பு. ஒவ்வொரு அடிக்கும் 0 முதல் 6 வரை: கம்பியை முழுவதும் தவறவிட்டால் 0, ஆழமாக வழுக்கி விழுந்தால் 1, லேசாக வழுக்கினால் 2, ஒரு கம்பியில் வைத்து எடை ஏற்றுமுன் வேறொன்றுக்கு மாற்றினால் 3, ஒரு கம்பியைக் குறிவைத்துத் திருத்தி வேறொன்றில் வைத்தால் 4, விரலோ குதிகாலோ மட்டும் பட்டால் 5, நடுப்பாதம் சரியாகப் படிந்தால் 6. 0 முதல் 2 வரை பிழை. நின்று புறப்பட்ட அடிகளையும் ஏணி முடிவிலுள்ள கடைசி அடியையும் சேர்க்காதீர்கள்.

இடைவெளி ஒரே சீராக இருந்தால் எலி அதை மனப்பாடம் செய்துகொள்ளும். சோதனைக்குச் சோதனை வடிவத்தை மாற்றுங்கள், ஆனால் அன்றைய எல்லா எலிகளுக்கும் ஒரே வடிவம். காமிராவைப் பக்கவாட்டில், கம்பி மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் பாதம் கம்பியைப் பிடிப்பது தெரியும்; மேலிருந்து எடுத்தால் உடல் மறைத்துவிடும்.

பெரிய பொறி இதுதான்: எடை தாங்காத எலியை ஏணியில் விட்டால் முன்னங்காலால் இழுத்துப் போகும், பின்னங்கால் அடியே வைக்காது, அடி இல்லாததால் பிழையும் குறைவாக வரும். பிழைகளை எண்ணிக்கையாகச் சொல்லாமல் மொத்த அடியின் விழுக்காடாகச் சொல்லுங்கள். பிபிபி 10ஐ எட்டாத எலிகளை ஏணியில் விட வேண்டாம். அப்படி விடப்படாதவை எந்தக் குழுவில் எத்தனை என்பதை அட்டவணையில் காட்டுங்கள். அவற்றைச் சத்தமில்லாமல் கைவிட்டால், மோசமான குழுவில் நன்றாக நடப்பவை மட்டும் மிஞ்சி வேறுபாடு மறைந்துவிடும்.

கண்ணாடிப் பாதையின் கீழிருந்து பாதச் சுவடுகளைப் படமெடுக்கும் கேட்வாக் வகைக் கருவிகள் நிறைய எண்களைத் தரும். அவற்றில் பாதிக்கு மேல் வேகத்தோடு தாமாக மாறுபவை. மெதுவாக நடக்கும் எலியின் ஊன்றுநேரம் காயமில்லாமலேயே நீளும். ஓட்டத்தின் வேக மாறுபாட்டுக்கு வரம்பு வைத்து, குழுக்களின் வேகம் ஒத்திருக்கிறதா என்பதை முதலில் சோதியுங்கள். வயிறு இழுபட்ட தடத்தைக் கருவி பாதமாக எடுத்துக்கொண்டதா என்று ஒவ்வொரு ஓட்டத்தையும் கண்ணால் சரிபாருங்கள், கண்ணாடியை ஒவ்வொரு எலிக்குப் பிறகும் துடையுங்கள்.

மூட்டுக் கோணங்களை அளக்கிறீர்கள் என்றால் முழங்காலில் ஒட்டிய குறியை நம்ப வேண்டாம். எலியின் முழங்கால் தோல் எலும்பின் மேல் வெகுவாக வழுக்கும். இடுப்பிலும் கணுக்காலிலும் உள்ள குறிகளையும், தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு நீளங்களையும் கொண்டு முக்கோணக் கணக்கில் முழங்காலின் இடத்தைக் கண்டுபிடிப்பதே சரி. 2018இல் வந்த டீப்லாப்கட் போன்ற குறியில்லா மென்பொருள்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தோலின்மேல் தெரிவதைத்தான் அவை கற்கின்றன.

கழுத்துக் காயத்தில் முன்னங்கால்தான் கேள்வி. உருளைச் சோதனையில் எலி எழுந்து சுவரை எந்தக் கையால் தொடுகிறது என்று எண்ணலாம். மொன்டோயா 1991இல் கொண்டுவந்த படிக்கட்டுச் சோதனையில் உணவுருண்டைகளை எடுக்கும் திறன் தெரியும்.

எண்களைக் கையாளுதல்

பிபிபி ஒரு தரவரிசை. 2க்கும் 4க்கும் உள்ள தூரமும் 9க்கும் 11க்கும் உள்ள தூரமும் ஒன்றல்ல. முதலாவது மூட்டசைவில் சிறு மாற்றம். இரண்டாவது, எழுந்து நடக்க முடியாத விலங்கு நடக்கிறது. கீழ்ப்படிகளில் சிலவற்றின் வரிசையே கேள்விக்குரியது: இரண்டு மூட்டுகளில் பேரசைவு 3, மூன்று மூட்டுகளில் சிற்றசைவு 4. எது மேல் என்று உடலியல் அடிப்படையில் வாதிடலாம். எனவே சராசரியையும் பிழைக்கோட்டையும் மட்டும் வரையாமல் ஒவ்வொரு எலியையும் ஒரு புள்ளியாகக் காட்டுங்கள். குழு சராசரி 10 என்பது எல்லா எலியும் 10 என்பதால் வந்திருக்கலாம், பாதி 7, பாதி 13 என்பதாலும் வந்திருக்கலாம். எத்தனை எலிகள் எடை தாங்கிய அடியை எட்டின, எத்தனை எப்போதுமான ஒருங்கிணைப்பை எட்டின என்ற எளிய எண்ணிக்கை சராசரியைவிட நிறையச் சொல்லும். மாதிரி எண்ணிக்கை எலிகளால்தான் கணக்கிடப்பட வேண்டும். இரு கால்களைத் தனி மாதிரிகளாக எண்ணுவது தவறு. வாராவாரம் அதே எலியை அளப்பதால் தொடர் அளவீட்டுக்கு உரிய பகுப்பாய்வு வேண்டும், ஆறு வாரத்துக்கு ஆறு தனித்தனிச் சோதனைகள் வேண்டாம். விலங்கு ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும், 2010இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டுதலை ஆய்வு முடிந்த பிறகு அல்ல, திட்டம் எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் திசு. காயத்தின் மையத்தில் மிஞ்சிய வெண்பொருளின் பரப்பை மயலினுக்கு (நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறைக்கு) உரிய சாயம் ஏற்றி அளந்து, கடைசி வார மதிப்பெண்ணோடு ஒரே வரைபடத்தில் வையுங்கள். பெரும்பாலான எலிகள் ஒரு கோட்டை ஒட்டி வரும். விலகி நிற்கும் எலிக்கு அந்த வாரத் தாளை எடுத்து, சிறுநீர்ப்பை எப்போது வெளியேற்றப்பட்டது, எத்தனை ஓட்டங்கள் கிடைத்தன, பாதத்தில் புண் இருந்ததா, அன்று மதிப்பிட்டது அதே இருவரா என்று பாருங்கள். வெண்பொருள் ஏறத்தாழ எதுவும் மிஞ்சாமல் மதிப்பெண் மட்டும் உயர்ந்திருந்தால் காணொளியை இன்னொருவரிடம் கொடுத்து, குழு சொல்லாமல் மறுபடி மதிப்பிடச் செய்யுங்கள். இதற்காகவே ஒவ்வொரு சோதனையையும் இரண்டு பக்கமிருந்தும் ஒலியோடு படம்பிடித்து, எலியின் குறியீட்டு எண்ணும் நாளும் முதல் சட்டகத்தில் தெரியும்படி சேமித்து வைக்க வேண்டும்.